குழாய் வெடித்த வீட்டைக் கழுவியது யார்

தம்பி பிரபா,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ போன் எடுத்து, "ம்மா, காப்புறுதிக்காரங்க சரின்னுட்டாங்க, கடிதம் கைக்கு வந்திருச்சு" என்று சொன்னபோது நான் வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கையிலிருந்த கீரைக்கட்டை அப்படியே சுளகில் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு நொடியில் இறங்கிப் போனது. நீயும் மலரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வீடு அது. குழாய் வெடித்து சீலிங் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்த படத்தை நீ அனுப்பினாயே, அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்து என்னை நானே வதைத்துக்கொண்டிருந்தேன். நீ போனை வைத்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை அழித்தேன். அன்றைக்குத்தான் தேத்தண்ணி ருசித்தது.

ஆனால் போனை வைக்கும் முன் நீ ஒரு கேள்வி கேட்டாய். "தரையில ஒரு சொட்டுத் தண்ணி கிடந்தா வீட்டையே தலைகீழாப் புரட்டுற ஆளு நீங்க. அன்னைக்கு மட்டும் எப்படிம்மா, 'தொடாத, துடைக்காத, ஒண்ணையும் அசைக்காத'ன்னு சொன்னீங்க? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாய். பேப்பரில் படித்தேன் என்றேன். அது பொய். அதோடு விட்டாயா என்றால் இல்லை. "ஞாயித்துக்கிழமை மலர் வீட்டு ஆளுங்க எல்லாரும் சாப்பாட்டுக்கு வர்றாங்க, அப்பா வீட்டைக் கழுவின கதையை எடுத்து விடணும்மா" என்று சிரித்தாய். அந்தக் கதையை நீ உன் கலியாண வீட்டில் சொன்னாய், புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்றும் சொன்னாய். இனி ஒரு தடவை நீ அதைச் சொல்லி, உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பதை நான் பார்க்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இது ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உன் கைக்கு வந்தாக வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து "விடுங்கம்மா" என்பாய், நானும் இதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். முப்பது வருசம் தபால் கந்தோரில் இருந்து ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். ஒரு கடிதம் எழுதுவது இவ்வளவு பாரமான வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதி. நீ மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாய், நடந்தது எதையும் கண்ணால் பார்க்கவில்லை. நீ லீவுக்கு வந்தபோது நான் சொன்னதுதான் உன் கதை. ஆகவே ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், சலிக்காமல் படி.

ஹந்தானை ரோட்டில் நாங்கள் அந்தச் சின்ன வீட்டை வங்கிக் கடனில் வாங்கியபோது, கடனோடு சேர்த்து வீட்டுக்குக் காப்புறுதியும் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தோம். நெருப்பு, மண்சரிவு, குழாய் வெடிப்பு என்று அதில் என்னென்னவோ இருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வந்து, பத்திரத்தை அலுமாரியில் என் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்த்ததே கிடையாது. கந்தோரில் எத்தனை பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள் நான், என் வீட்டுப் பத்திரத்தை ஒரு வரி படிக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் அதுவரைக்கும் சொந்தமாக ஒரு குழாய் வைத்திருந்தவர் யாரும் இல்லை. நான் வளர்ந்த கலஹா தேயிலைத் தோட்டத்தில் ஒரு வரிசை லய வீடுகளுக்கு ஒரு தண்ணீர்ப் பீலி. பீலி தோட்டத்துடையது, அதில் வரும் தண்ணீரும் தோட்டத்துடையது. உடைந்தால் கங்காணியிடம் சொல்வோம், அவர் செய்கிறபோது செய்வார். அது நம் தலைவலி இல்லை. சுவருக்குள்ளே ஓடுகிற குழாயும் நமக்குத்தான் சொந்தம், அது உடைந்தாலும் நமக்குத்தான் சொந்தம் என்பதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. சமையலறைக் குழாய் கசிந்தபோது கூட ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டிவிட்டு ஒரு வருசம் ஓட்டினேன். அப்பா மாற்றுவோம் என்று சொல்வார், நான்தான் "இது போதும், உங்க வேலையைப் பாருங்க" என்பேன்.

அது ஒரு திங்கட்கிழமை. நாலரை மணிக்குக் கந்தோரிலிருந்து வந்து பார்த்தால் வாசல் படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் தண்ணீர் டேங்க் இருந்தது உனக்கு ஞாபகமிருக்கும். அதிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய், படுக்கையறைச் சுவருக்குள்ளேயே நெடுக வெடித்திருந்தது. காலையிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியதோ, கணுக்கால் வரை தண்ணீர். அலுமாரியின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது, மெத்தை குடித்த தண்ணீரில் இரண்டு மடங்கு கனத்தது, சுவரில் சாந்து பாளம் பாளமாக விழுந்து கிடந்தது. எந்த வால்வை மூட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா பல்லேகலையில் வேலை முடிந்து வரும் வரைக்கும் வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேட்டுக்கு ஓடி வால்வைத் திருகினார். நின்றது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, அவர் "ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே, அது போதும்" என்றார்.

மறுநாள் காலையில் பைப் வேலை செய்யும் சிங்கள பாஸ் ஒருவர் வந்து வெடித்த துண்டை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு மாட்டிக் கொடுத்தார். அப்பா தொழிற்சாலைக்குப் போய் அங்கிருந்து காப்புறுதிக் கம்பெனிக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை காலையில் ஒரு ஆபிசர் வந்து பார்ப்பார், அதுவரைக்கும் எதையும் அசைக்க வேண்டாம் என்று அங்கே பேசிய பிள்ளை சொன்னதாம். புதன்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அப்பா சப்பாத்து மாட்டிக்கொண்டே சொன்னார். "இந்தா, அப்படியே கிடக்கட்டும். சேறும் கிடக்கட்டும், மெத்தையும் கிடக்கட்டும். அவங்க பாத்தாத்தான் காசு." நானும் "சரிங்க" என்று தலையாட்டினேன். அதைக் கவனி, பிரபா. அவர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு நான் வாசலில் நின்று வீட்டைப் பார்த்தேன். இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் உன் அம்மாவுக்குப் பைத்தியம் என்றுதான் நினைப்பாய். தோட்டத்தில் துரை லயம் பார்க்க வருகிற நாள் என்று ஒன்று இருந்தது. முதல் நாளே தண்டோரா மாதிரிச் சொல்லிவிடுவார்கள். விடிந்தால் பெண்கள் எல்லாரும் அவரவர் காம்பராவைக் கழுவி, சாணம் மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கிழிந்த பாயையும் ஓட்டைச் சட்டியையும் தேயிலை மலைக்குள்ளே கொண்டுபோய் ஒளித்து வைப்பார்கள். கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்திருக்கும் சட்டியையும் எடுத்து ஒளிப்போம். அந்தச் சட்டியைக் கண்டால் கூரையைக் கட்டித் தருவார்கள் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அசிங்கமாக வைத்திருக்கிறாயே என்று ஏச்சுத்தான் விழும் என்று தெரியும். ஒரு தடவை என் அம்மாவை, பிள்ளைகள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துரை கைத்தடியால் ஒரு அழுக்குத் துணியைத் தூக்கிக் காட்டி ஏசினார். அம்மா அந்தத் துணியை வாங்கி முந்தானைக்குள் மறைத்தார். எனக்கு அப்போது ஆறு, ஏழு வயது இருக்கும். ஆபிசர் வருகிறார் என்று கேட்டால் என் கை தானாகக் கூட்டுகிற தும்புத்தடியைத் தேடும். படித்தேன், கந்தோரில் வேலை செய்தேன், டவுனில் வீடு வாங்கினேன். அந்தக் கை மாறவில்லை.

முதலில் வாசல் சேற்றை மட்டும் தள்ளினேன். வருகிறவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு முன்னறை. முன்னறை சுத்தமானதும் படுக்கையறை இன்னும் கேவலமாகத் தெரிந்தது. பத்து மணிக்குள் தரை முழுவதையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி முடித்தேன். நாற்றம் பிடிக்கத் தொடங்கியிருந்த மெத்தையை, ரோட்டில் போன பழைய சாமான் லொறிக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்தேன். அலுமாரிப் பலகைகளைப் பிரித்துக் கீழ்வீட்டுக்காரர்களுக்கு விறகுக்குக் கொடுத்தேன். விழுந்த சாந்தையெல்லாம் பள்ளத்தில் கொட்டினேன். இதையெல்லாம் செய்த பிறகு அந்தச் சுவர் மட்டும் சொறி பிடித்த மாதிரி நின்றது. தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட் அரை வாளி இருந்தது. பாஸ் பூசிவிட்டுப் போன சீமெந்து காயக்கூட இல்லை, அதன் மேலேயே இரண்டு கை அடித்தேன். பின்னேரம் அப்பா வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. அவர் ஒரு கையில் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

"ஆபிசர் வர்றாருல்ல" என்றேன். அந்த நிமிசம் வரைக்கும் எனக்கு நான் செய்தது தப்பு என்று தோன்றவில்லை, பார்த்துக்கொள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், உனக்குத்தான் தெரியுமே என் வாய். அவர் ஏசவில்லை. "சரி, விடு. வர்றவர்கிட்ட நடந்ததைச் சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

வியாழக்கிழமை வந்தவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கலாம், மரியாதையான ஆள். நான் அவருக்கு உளுந்து வடை வேறு சுட்டு வைத்திருந்தேன், வெட்கக்கேடு. "தண்ணி எதுவரைக்கும் நிண்டது எண்டு காட்டுங்கோ ஐயா" என்றார். அப்பா காட்டிய இடமெல்லாம் காய்ந்து மினுங்கியது. சுவரில் கை வைத்தார், விரலில் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. அவர் விரலைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். மெத்தை எங்கே என்று கேட்டார், இல்லை. அலுமாரி எங்கே என்று கேட்டார், இல்லை. உடைந்த குழாய்த் துண்டு எங்கே என்று கேட்டார், அதுவும் இல்லை, பாஸ் குப்பையோடு அள்ளிக்கொண்டு போகட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அப்போது எங்கள் போனில் படம் எடுக்கவும் முடியாது. கடைசியாகச் சமையலறைக்குப் போனவர், கசிகிற குழாயில் நான் சுற்றியிருந்த சைக்கிள் டியூபைக் கண்டார். "இது எவ்வளவு காலமா இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டார். ஒரு வருசம் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ" என்றார் அந்தப் பிள்ளை. "சடாரெண்டு வெடிச்ச குழாய்க்குத்தான் நாங்கள் காசு குடுக்கிறது. கனகாலமாக் கசிஞ்சு ஊறின சுவருக்கு இல்லை. பழைய ஈரத்துக்கு மேல பெயின்ற் அடிச்சுப்போட்டு, முந்தநாள்தான் வெடிச்சது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்."

உன் அப்பா யார் என்று உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருசம் ஸ்டோர்ஸ் கீப்பர். பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் ஒரு துண்டில் கையெழுத்து வைத்ததில்லை. அந்த மனுசனை, அவர் வீட்டுக்குள்ளேயே வைத்து, கள்ளக்கணக்குக் காட்டுகிறவர்களோடு சேர்த்துச் சொன்னார்கள். அவர் காது சிவந்துபோனது. அந்தப் பிள்ளை பேனாவைத் திறந்து, "அப்ப ஆர் இதையெல்லாம் கழுவினது? நாங்கள் தொட வேண்டாமெண்டு சொன்னனாங்கள் எல்லே" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல்தான். வாய் வரவில்லை. ஏச்சு விழப் போகிறது என்று கதவோடு இன்னும் ஒட்டி நின்றேன். அப்பா திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க கழுவினேன்" என்றார். "எனக்கு அழுக்கு கிடந்தா பொறுக்காது. யோசிக்காமச் செஞ்சிட்டேன்."

அதை ஆபிசர் எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் தானே சுத்தம் செய்ததாகச் சொன்னார் என்று எழுதி நீட்டினார், உன் அப்பா அதை முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். நான் அறிந்தவரையில் அவர் உண்மை இல்லாத ஒன்றின் கீழ் வைத்த கையெழுத்து அது ஒன்றுதான். ஆபிசர் வடையைத் தொடாமல் போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. திடீர் வெடிப்பு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, இரண்டு வாரத்துக்குள் ஏதாவது இருந்தால் காட்டவும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று இருந்தது. சுவரைத் திருத்தவும் தரையைத் திருத்தவும் எங்களிடம் வழி இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசுவதைக் குறைத்துவிட்டார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். ஒரு நாள் "என்னங்க, என்னைத் திட்டியாவது தொலைங்களேன்" என்று கேட்டேவிட்டேன். "காசு போனாப் போகட்டும்" என்றார். "அந்தப் பையன் என்னைப் பொய்க்காரன்னு நினைச்சிட்டுப் போறான்."

அடுத்த நாளே அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு அந்த பாசைத் தேடிப் போனேன். அம்பிட்டியவில் ஒரு வீட்டு வேலையில் இருக்கிறார் என்றார்கள். பஸ் ஏறிப் போய், ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து அவரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்தக் குழாய்த் துண்டை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் பதில் சொன்னார். "வீசலை நோனா. அளவு காட்ட கடைக்குக் கொண்டு போனது. பேக்ல இருக்கு." சாமான் பைக்குள் கையை விட்டு, பழைய எல்போவுக்கும் கயிற்றுக்கும் நடுவிலிருந்து முழ நீளத் துண்டு ஒன்றை இழுத்து எடுத்தார். உள்ளே சந்தனக்கட்டையை வைத்துத் தந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திருக்காது. புதுக்குழாய் வாங்கும்போது அளவு தப்பாமலிருக்கப் பழைய துண்டைக் கடைக்குக் கொண்டு போவது அவர்கள் வழக்கமாம். எந்த நாள் வந்தார், எந்த இடத்தை அறுத்தார் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். நான் அந்தத் துண்டைச் சேலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அப்பா அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோக, அந்த ஆபிசர் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வெடிப்பின் ஓரம் வெள்ளையாக, புதிதாக இருந்தது. நாள்பட்ட கசிவு என்றால் அந்த ஓரத்தில் பாசியும் கறுப்பும் ஏறியிருக்குமாம், அது ஒரு பொட்டுக்கூட இல்லை. ஒரு மாதத்தில் சுவருக்கும் தரைக்கும் அலுமாரிக்கும் தந்தார்கள். அலுமாரிப் பலகையில் இரண்டு இன்னும் விறகாகாமல் கீழ்வீட்டில் கிடந்தது நல்லதாய்ப் போயிற்று. குழாய்க்குத் தரவில்லை, அது தேய்மானக் கணக்காம். லொறியில் ஏறிப் போன மெத்தைக்கும் தரவில்லை, அது என் திருவிளையாடல். ஆனால் அந்தப் பிள்ளை வேலை மெனக்கெட்டு அப்பாவுக்குப் போன் எடுத்து, "ஐயா, நான் அண்டைக்குக் கதைச்ச கதைக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னார். அப்பா போனை வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் விழுந்தவனைத் தூக்கி எடுத்த மாதிரி ஒரு மூச்சு விட்டார். அன்று இரண்டு பேரும் டவுனுக்குப் போய்ப் புது மெத்தை வாங்கி, திரும்பி வரும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அந்த வயதில் ஐஸ்கிரீம் என்ன என்று நினைப்பாய். எனக்கு அன்றைக்கு அது வேண்டியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை. அடுத்த மாதம் நீ லீவுக்கு வந்தாய், சுவர் ஏன் வேறு நிறம் என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார். நான் வாயைத் திறந்து, "உங்கப்பா செஞ்ச வேலையைக் கேளு, ஆபிசர் வர்றாருன்னு வீட்டையே கழுவிச் சுவருக்குப் பெயின்டும் அடிச்சு வச்சாரு" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. காப்புறுதிக் கோப்பில் அப்படித்தானே இருக்கிறது என்று ஒரு கள்ள நினைப்பு. உன் முன்னால் முட்டாளாக நிற்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய், "வாஷிங் மெஷின் அப்பா" என்று பெயர் வைத்தாய். அவர் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. ஆபிசர் முன்னால் அவர் சொன்னது என்னைக் காப்பாற்ற. உன் முன்னால் நான் சொன்னது என்னை நானே காப்பாற்றிக்கொள்ள. இரண்டும் ஒன்றில்லை, பிரபா. இத்தனை வருசம் அந்தப் பெயரை அவர் தலையில் வைத்து நடமாட விட்டவள் நான்.

போன மாதம் நீ வேலைக்குப் போன நேரத்தில் குழாய் வெடித்து, நீ பதறிப் போய் எனக்குப் போன் போட்டபோது, நான் பேப்பரில் படித்ததைச் சொல்லவில்லை. என் கன்னத்தில் வாங்கிய அறையைச் சொன்னேன். வால்வை மூடு, நனையாத சாமானைத் தூக்கி மேலே வை, மற்றதைத் தொடாதே, ஒவ்வொரு மூலையையும் படம் எடு, பாஸ் அறுத்தெடுக்கிற துண்டைக் கையோடு வாங்கி வை என்றேன். நீ எல்லாம் சரியாகச் செய்தாய். இனியும் சில விசயங்களை மனதில் வை. அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று மலருக்கும் காட்டு, மாதம் ஒரு தடவை அதைத் திருகிப் பார், துருப்பிடித்து இறுகினால் ஆபத்துக்கு உதவாது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார், முள் அசைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிகிறதைக் கண்டால் என்னைப் போல ரப்பர் சுற்றாதே, அன்றைக்கே பாசைக் கூப்பிட்டு அவர் தருகிற பில்லைப் பத்திரப்படுத்து. உன் வங்கிக்காரர்கள் எடுக்கச் சொன்ன காப்புறுதி எங்களுடையது மாதிரி இல்லை, சுவருக்கும் கூரைக்கும்தான், உள்ளே இருக்கிற சாமானுக்கு வேறாக எடுக்க வேண்டும் என்று நீயே சொன்னாய், அதைத் தள்ளிப் போடாதே. வருசா வருசம் புதுப்பிக்கும்போது குளியலறைச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தால் இருக்கிறது என்று எழுது. பத்திரத்தை ஒரு முறை முழுவதும் வாசி, விளங்காத இடத்தைப் போய்க் கேள். ஆபிசரைக் கண்டு பயப்படாதே. அவர் துரை இல்லை, உன் வீட்டில் என்ன உடைந்தது என்று பார்க்க வந்தவர். உடைந்ததை உடைந்தபடியே காட்டு.

இந்தக் கடிதத்தை எழுதப் போகிறேன் என்று நேற்றுக் காலையில் உன் அப்பாவிடம் சொன்னேன். "என்னத்துக்கு இப்ப அதெல்லாம், அவன் சும்மா விளையாட்டுக்குச் சொல்றான்" என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுதாமலேயே விட்டிருப்பேன், என்னை நான் அறிவேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு "எழுது" என்றார், அவ்வளவுதான். அவருக்கு அது வலிக்கவில்லை என்று இத்தனை வருசமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன், பிரபா. அந்த ஒரு சொல்லில் என் நம்பிக்கை உடைந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் மனசு லேசாகத்தான் இருக்கிறது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ அந்தக் கதையைத் தாராளமாகச் சொல். என் பெயரைப் போட்டுச் சொல், நானும் கூட இருந்து சிரிக்கிறேன், பெயின்ட் அடித்ததையும் வடை சுட்டதையும் நீ விட்டால் நான் எடுத்துக் கொடுக்கிறேன். உன் அப்பாவுக்கு அன்றைக்கு முதல் கோப்பைத் தேத்தண்ணியை நீ உன் கையால் ஊற்றிக் கொடு.

கடிதத்தை உறையில் போடும் முன் அப்பாவைக் கதிரையில் உட்கார வைத்து இதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாசிடம் துண்டு கிடைத்த இடத்தில் தலையாட்டினார், ஐஸ்கிரீமுக்குச் சிரித்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் தாள்களை மடிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ கழுவின இடம் ஒண்ணு வருதே," என்றார், "அதை மட்டும் இன்னொரு தடவை வாசி."

உன் அம்மா